மூட் கோர்ட் குழு இல்லாத கல்லூரியில் சர்வதேசச் சட்டம்

கேள்வி: மதுரையில் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி. சர்வதேசச் சட்டத்தில் எனக்கு ஆர்வம் அதிகம். ஆனால் வகுப்பில் அது ஒரு தாள்தான், அதையும் கைடு வைத்து முடித்துவிடுகிறார்கள். எங்கள் கல்லூரியில் மூட் கோர்ட் (கற்பனை வழக்கில் வாதாடிப் பழகும் போட்டி) குழுவும் கிடையாது. டெல்லி, பெங்களூரு மாணவர்கள் ஜெஸ்ஸப் என்ற சர்வதேச மூட் போட்டி, சர்வதேச நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரம் என்று போய்வருகிறார்கள். மதுரையில் இருந்துகொண்டு வகுப்புக்கு வெளியே நான் என்ன செய்யலாம்? மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது. பணம் கட்டினால் 'ஆன்லைன் இன்டர்ன்ஷிப்' தருகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். சேரலாமா?
— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். சேராதீர்கள். பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வார இன்டர்ன்ஷிப் கேட்கின்றன. எந்த ஆண்டிலும் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வழக்காடும் வழக்கறிஞர்களிடம் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும். அந்த 20 வாரம்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து. வாட்ஸப்பில் வரும் ஒரு பி.டி.எஃப். சான்றிதழுக்காக அதில் நான்கு வாரத்தை இழப்பது நஷ்டம். பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை போடும் 'ஜர்னல்'களுக்கும் இதே பதில்தான். ஐ.எஸ்.எஸ்.என். எண் ஒரு தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். கட்டுரையை யாரும் படித்துச் சரிபார்த்தார்கள் என்று அது சொல்லாது.

இனி முக்கியமான விஷயம். சர்வதேசச் சட்டம் ஹேக்கில் மட்டும் நடப்பதாக நினைத்தால் அதைத் தொட டெல்லியாவது போக வேண்டும் என்று தோன்றும். ஒத்தக்கடைப் பக்கம் 2004 ஜூலை 24 முதல் இயங்கும் உயர் நீதிமன்றக் கிளையின் காஸ் லிஸ்ட்டை (அன்றன்று விசாரணைக்கு வரும் வழக்குகளின் பட்டியல்) ஒரு மாதம் தொடர்ந்து பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டம் இந்தக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது. இலங்கைக் கடற்படை பிடித்த மீனவர்களுக்காகத் தொடரும் ரிட் மனு, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர் குடியுரிமை கேட்டுப் போடும் மனு, வளைகுடாவில் இறந்தவரின் உடலைக் கொண்டுவரக் கேட்கும் மனு, சிங்கப்பூரில் இருக்கும் கணவருக்குச் சம்மன் சேராத வழக்கு என்று எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் உடன்படிக்கையோ, உடன்படிக்கை இல்லாததால் வந்த சிக்கலோ இருக்கும். டெல்லி மாணவர் இணையத்தில் படிக்கும் பிரச்சினையின் வழக்குக் கட்டு உங்கள் ஊர் வழக்கறிஞர் அலுவலக அலமாரியில் இருக்கிறது.

ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனித உரிமை, விண்வெளிச் சட்டம், சைபர் என்று பத்தைத் தொட்டால் எதிலும் பிரிவு எண் மனதில் நிற்காது. மதுரை மாணவருக்கு நான் முதலில் சொல்வது பாக் நீரிணை. நான்கு ஆவணங்கள் போதும். 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம், 1976 மார்ச் 23 ஒப்பந்தம், அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்கள், 1982-ஆம் ஆண்டு ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை. முதல் மூன்றும் சேர்ந்து இருபது பக்கத்தைத் தாண்டாது. அச்செடுத்து, பேனாவோடு படியுங்கள்.

1974 ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம், இலங்கையிடம் பயண ஆவணமோ விசாவோ வாங்க வேண்டியதில்லை என்கிறது. 6-ஆம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் அடுத்தவர் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. மேடைப் பேச்சுகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். 1976 கடிதத்தை எடுங்கள். இலங்கையின் வரலாற்று நீர்ப்பரப்பிலும் (நெடுங்காலமாகத் தனதென்று ஒரு நாடு உரிமை கோரும் கடல்) பிராந்தியக் கடலிலும் (கரையை ஒட்டிய கடல்) பிரத்யேகப் பொருளாதார மண்டலத்திலும் (அதற்கு அப்பால், மீன் முதலான வளங்களில் மட்டும் அந்த நாட்டுக்கு உரிமை உள்ள கடல்) வெளிப்படையான அனுமதி இல்லாமல் இந்தியக் கலங்களும் மீனவர்களும் மீன்பிடிக்கக் கூடாது, இந்தியப் பக்கத்தில் இலங்கையருக்கும் அப்படியே என்று அது சொல்கிறது. ஆனால் 1976 ஒப்பந்தம் வரைந்த எல்லை மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் உரியது. பாக் நீரிணையின் எல்லை 1974-லேயே வரையப்பட்டுவிட்டது. அப்படியானால் 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்ற ஒரு சொல்லால் கடிதம் 6-ஆம் பிரிவைப் பறித்துவிட்டதா? அந்தப் பிரிவு சொல்லும் மரபுரிமையில் மீன்பிடிப்பு சேருமா, கடந்துபோவது மட்டும்தானா? 'கலங்கள்' என்று ஏன் எழுதினார்கள், 'மீனவர்கள்' என்று ஏன் எழுதவில்லை? இந்த மூன்று கேள்விகளில் ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரையே இருக்கிறது.

இவற்றுக்கு விடை தேடும்போது உடன்படிக்கைகளுக்குப் பொருள்கொள்ளும் முறை தேவைப்படும். அந்த முறையைச் சொல்லும் 1969 வியன்னா உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவை மாணவர்கள் நேராக எடுத்துப் போட்டுவிடுவார்கள். இந்தியா அதில் உறுப்பு நாடு இல்லை. அந்த உடன்படிக்கை 1980-இல்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய ஒப்பந்தங்களைத் தொடாது என்று அதன் 4-ஆம் பிரிவே சொல்கிறது. அப்படியும் 31-ஐப் பயன்படுத்தலாம். எப்படியென்றால், அதில் உள்ளது வழமைச் சட்டம் (நாடுகள் கடமையென்று ஏற்று நெடுங்காலம் பின்பற்றுவதால் கையெழுத்திடாதவரையும் கட்டுப்படுத்தும் விதி) என்று சர்வதேச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் ஏற்றிருக்கிறது. 'இந்த விதி இந்த நாட்டை எந்த வழியாகக் கட்டுப்படுத்துகிறது?' என்ற கேள்வியை ஒவ்வொரு வரிக்கும் கேட்டுப் பழகுங்கள். சர்வதேசச் சட்டத்தில் ஆழம் தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்துக் காட்டுவது இந்தப் பழக்கம்தான்.

அடுத்த தவறு இன்னும் பரவலானது. கடற்சட்ட உடன்படிக்கையின் 73-ஆம் பிரிவு, மீன்வளச் சட்டத்தை மீறியதற்குச் சிறைத் தண்டனை கூடாது, நியாயமான பிணை கட்டினால் கலத்தையும் ஊழியர்களையும் உடனே விடுவிக்க வேண்டும் என்கிறது. இதை வைத்து, ராமேஸ்வரம் மீனவர்களைச் சிறையில் அடைத்தது உடன்படிக்கை மீறல் என்று கட்டுரை முடிந்துவிடும். 73-ஆம் பிரிவு உட்கார்ந்திருப்பது பிரத்யேகப் பொருளாதார மண்டலத்துக்கான பகுதியில். பாக் நீரிணையில் தன் பக்கத்து வரலாற்று நீர்ப்பரப்பை உள்நீர் (நிலப்பரப்பைப் போலவே முழு அதிகாரம் உள்ள நீர்) என்று 1977-இலேயே இலங்கை பிரகடனம் செய்துவிட்டது. உள்நீரில் 73 நேரடியாகப் பொருந்தாது. ஆகவே உங்கள் கட்டுரை அந்தப் பிரகடனத்தைத் தாக்க வேண்டும், அல்லது 1974-இன் 6-ஆம் பிரிவில் நிற்க வேண்டும், அல்லது மனித உரிமை உடன்படிக்கைகள் வழியாக வர வேண்டும். கைது எந்த இடத்தில் நடந்தது என்ற அட்சரேகை, தீர்க்கரேகை இல்லாமல் இந்த வாதத்தை ஆரம்பிக்கவே முடியாது. செய்தித்தாள் 'நடுக்கடல்' என்று எழுதும், சட்டத்தில் அப்படி ஓர் இடம் கிடையாது.

இலங்கைத் தரப்புக்காகவும் ஒரு வாதம் எழுதுங்கள். இழுவைமடி (விசைப்படகு கடலடியில் இழுத்துச் செல்லும் வலை) கடலடியை என்ன செய்கிறது, இலங்கை 2017-இல் அதை ஏன் தடை செய்தது, அக்கரையில் வடமாகாணத் தமிழ் மீனவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். மனசு கேட்காது, தெரியும். ஆனால் எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு எழுதத் தெரியாதவர் தன் தரப்பின் ஓட்டையை நீதிபதி சொல்லித்தான் தெரிந்துகொள்வார்.

'சர்வதேச நீதிமன்றத்துக்குப் போவோம்' என்ற முழக்கத்தையும் இங்கேயே சோதித்துப் பாருங்கள். அந்த நீதிமன்றத்துக்கு எந்த நாடும் நினைத்தவுடன் போக முடியாது. இரு நாடுகளின் சம்மதமும் ஏதோ ஒரு வடிவில் வேண்டும். நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று இந்தியா கொடுத்திருக்கும் அறிவிப்பு, காமன்வெல்த் உறுப்பு நாடுகளோடான தகராறுகளை விலக்கிவைக்கிறது. இலங்கை காமன்வெல்த் நாடு. இதே விலக்கை வைத்துத்தான் 1999-இல் பாகிஸ்தான் தன் விமானத்தைச் சுட்டதற்காகத் தொடுத்த வழக்கில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று இந்தியா வாதாடி, 2000 ஜூனில் வென்றது. பிறகு 2017-இல், பாகிஸ்தான் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்த இந்தியரான குல்பூஷண் ஜாதவின் வழக்கில் இந்தியாவே பாகிஸ்தான் மீது எப்படி வழக்குத் தொடுத்தது? துணைத் தூதரக (கான்சுலர்) உறவுகளுக்கான வியன்னா உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை, அதாவது விரும்பும் நாடுகள் தனியாக ஏற்கும் இணைப்பு ஒப்பந்தம், என்ற வேறு கதவு வழியாக. இந்த இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படித்தால், அதிகார வரம்பு பற்றிப் பாடப்புத்தகத்தின் அத்தியாயம் தருவதைவிட அதிகம் கிடைக்கும். இரண்டும் நீதிமன்றத்தின் இணையதளத்தில் இலவசம்.

ஜாதவ் தீர்ப்பு 2019 ஜூலை 17 தேதியிட்டது. முதல் வாசிப்பில் முழுவதையும் படிக்காதீர்கள். கடைசியில் உள்ள ஆணைப் பகுதியை முதலில் படியுங்கள். இந்தியா கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்று இரு பத்தியாக எழுதுங்கள். தண்டனையை ரத்துசெய்து விடுதலை செய்யக் கேட்டோம், கிடைத்தது தண்டனையின் மீது பயனுள்ள மறு ஆய்வு. அந்த இடைவெளி ஏன் வந்தது என்று தேடிக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். குறிப்பெடுக்கும்போது பத்தி எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், பத்தி எண் மாறாது. வாரம் 40 பத்தி போதும். ஐ.நா.வின் ஒளி-ஒலி நூலகத்தில் இந்தத் துறையின் பேராசிரியர்கள், நீதிபதிகளின் உரைகள் இலவசமாக இருக்கின்றன. தீர்ப்பைப் படித்த பிறகு அதே பொருளில் ஓர் உரையைக் கேளுங்கள். முதலில் உரை கேட்டால் படித்துவிட்டதாக மனம் ஏமாந்துவிடும்.

கடல் பிடிக்கவில்லை என்றால் அகதிகள் விஷயம் இருக்கிறது. ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி முகாம்கள் உங்களுக்கு மிக அருகில். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் சேரவில்லை, சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்டதோடு சரி. ஆனால் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் 1979-இல் சேர்ந்தது. அதிலும் வெளிநாட்டவரை வெளியேற்றுவது குறித்த 13-ஆம் பிரிவுக்கு ஒதுக்கீடு (ரிசர்வேஷன், அதாவது அந்த விஷயத்தில் தன் சொந்தச் சட்டத்தையே பின்பற்றுவேன் என்ற விலக்கு) வைத்திருக்கிறது. இந்த ஒதுக்கீட்டைப் பார்க்காமல் 13-ஐ மேற்கோள் காட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. மலையகத் தமிழர் வழி வந்தவர்கள் முகாமில் இருந்தால் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வரை போக வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில் மதுரைக் கிளை 2019 ஜூன் 17 அன்று தந்த தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். ஓர் எச்சரிக்கை. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் முகாமுக்குள் 'ஃபீல்டு ஸ்டடி' என்று போகக் கூடாது. அங்கிருப்பவர்களுக்குச் சட்ட ஆலோசனையும் சொல்லக் கூடாது. நீங்கள் இன்னும் வழக்கறிஞர் இல்லை, தவறான ஒரு வார்த்தையை நம்பி அவர்கள் போடும் மனு அவர்களுக்கே எதிராகத் திரும்பலாம். உதவ வேண்டும் என்று தோன்றினால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் துணைச் சட்டத் தன்னார்வலராக விண்ணப்பியுங்கள். சட்ட மாணவர்களையும் எடுக்கிறார்கள்.

அறிவுசார் சொத்தில் ஆர்வம் இருந்தால் மதுரை மல்லியும் சுங்குடிச் சேலையும் பெற்ற புவிசார் குறியீட்டை உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தமான டிரிப்ஸின் 22-ஆம் பிரிவோடு வைத்துப் பாருங்கள். சுற்றுச்சூழல் என்றால் அரிட்டாபட்டி இருக்கிறது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அதை அறிவிக்க வழி செய்த 2002 சட்டம் 1992 பல்லுயிர் உடன்படிக்கையிலிருந்து பிறந்தது.

இன்டர்ன்ஷிப்புக்கு வருவோம். 'இன்டர்நேஷனல் லா ஆஃபீஸ்' என்று பெயர்ப்பலகை தேடாதீர்கள், மதுரையில் அப்படிக் கிடைக்காது. உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் பக்கம் அதிகம் பார்க்கும் ஒரு சீனியரிடம் நான்கு வாரம், குடும்ப நீதிமன்றம் பார்க்கும் ஒருவரிடம் நான்கு வாரம் இருங்கள். குடும்ப நீதிமன்றத்தில் தனியார் சர்வதேசச் சட்டம் (இரு நாடுகளைத் தொடும் தனிமனிதர் வழக்குகளுக்கான சட்டம்) தினமும் நடக்கிறது. வெளிநாட்டு நீதிமன்றம் தந்த விவாகரத்து இங்கே செல்லுமா என்பதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. வெளிநாட்டில் இருப்பவருக்குச் சம்மன் என்றால், அந்த நாடு வெளிநாட்டுக்குச் சம்மன் அனுப்புவதற்கான 1965 ஹேக் உடன்படிக்கையில் இருக்கிறதா, இல்லையென்றால் இந்தியாவோடு தனி ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் அனுப்பிய சம்மன் திரும்பி வந்து வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு கிடக்கும். அந்த உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் அட்டவணையைப் பார்த்து அரைப் பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்கிற மாணவியை எந்த சீனியரும் ஜெராக்ஸ் எடுக்க மட்டும் அனுப்பமாட்டார்.

இனி மூட். கல்லூரியில் குழு இல்லையென்றால் ஐந்து பேரைச் சேர்த்து நீங்களே ஆரம்பியுங்கள். ஞாயிறு காலை மூன்று மணி நேரம், புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம், வாய்விட்டு வாதாட வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் என்றால் வேலையைத் தள்ளிவிடுவார்கள், மூன்று பேர் என்றால் தேர்வு வந்ததும் கலைந்துவிடும். முதல் வருடமே ஜெஸ்ஸப் வேண்டாம். டெல்லியில் உள்ள இந்திய சர்வதேசச் சட்டக் கழகமும் செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழுவும் சேர்ந்து நடத்திவரும் ஹென்றி டூனன்ட் நினைவு மூட் போன்ற ஒன்றில் ஆரம்பியுங்கள். போர்க்காலச் சட்டத்துக்கு மூல நூல்கள் குறைவு. 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கு, 1977 நெறிமுறைகள், செஞ்சிலுவைக் குழு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் வழமைச் சட்டத் தொகுப்பு. இவற்றை மூன்று மாதத்தில் ஒரு புதுக் குழு உருப்படியாகப் படித்துவிடலாம்.

1960-இல் தொடங்கிய ஜெஸ்ஸப்பில் ஒரு குழுவில் இரண்டு முதல் ஐந்து பேர் இருக்கலாம். பிரச்சினைத் தாள் செப்டம்பர் வாக்கில் வெளிவரும், மனுதாரர், எதிர்மனுதாரர் என இரு தரப்புக்கும் எழுத்து வாதம் ஜனவரியில் கொடுக்க வேண்டும். நம் ஊர் செமஸ்டர் தேர்வு இடையில் வந்து நிற்கும். அதனால் அக்டோபர் முடிவதற்குள் முதல் வரைவு இல்லையென்றால் அந்த ஆண்டை விட்டுவிடுவது நல்லது. எழுத்து வாதத்தில் நம் மாணவர்கள் மதிப்பெண் இழக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். சர்வதேச நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்ற முன்னுதாரணம் மாதிரி கட்டுப்படுத்தும் என்று எழுதிவிடுவது. அதன் சட்டத்தின் 59-ஆம் பிரிவுப்படி தீர்ப்பு அந்த வழக்கின் தரப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும், 38-ஆம் பிரிவில் தீர்ப்புகள் துணை ஆதாரமாகத்தான் வருகின்றன. 2001-இன் அரசுப் பொறுப்பு விதிகளை (சர்வதேசக் கடமையை மீறிய அரசு என்ன பொறுப்பேற்க வேண்டும் என்பவை) உடன்படிக்கை என்று எழுதுவது. அது சர்வதேசச் சட்ட ஆணையம் வகுத்த தொகுப்பு, எந்த விதி வழமையாகிவிட்டது என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும். ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தைச் சட்டம் மாதிரி பயன்படுத்துவதும் அப்படித்தான்.

வாய்மொழியில் ஒரு தரப்புக்கு மொத்தம் 45 நிமிடம், இரண்டு பேர் பேசுவார்கள். ஆளுக்கு 20, மறுப்புரைக்கு 5 என்று பிரிப்பது வழக்கம். இருபது நிமிடத்துக்கு இருபது நிமிடப் பேச்சைத் தயாரித்தால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் எட்டு நிமிடம் நீதிபதிகளின் கேள்வியிலேயே போகும். பன்னிரண்டு நிமிடச் சரக்கு போதும், அதையே ஐந்து நிமிடத்தில் சொல்லும் சுருக்கமும் தயாராக இருக்க வேண்டும். கேள்விக்கு முதல் சொல் 'ஆம்' அல்லது 'இல்லை', பிறகு காரணம், பிறகு ஆதாரம். 'மை லார்ட்' என்று வாயில் வந்துவிடும். அங்கே 'யுவர் எக்ஸலென்ஸி'.

ஐ.நா. மாதிரி மாநாடுகள் பேச்சுக் கூச்சத்தைப் போக்கும், வருடத்துக்கு ஒன்று போதும். சட்டம் படிக்க அவை உதவாது.

தமிழ் வழி என்பதால் ஆங்கிலம் பயமாக இருக்கலாம். உடன்படிக்கைகளின் ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலம் இல்லை. நூற்றைம்பது, இருநூறு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். 'ஷல்', 'மே', 'ஷுட்' மூன்றுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால் கட்டாயம் எது, அனுமதி எது, விருப்பம் எது என்று தெரிந்துவிடும். ஒரு நோட்டில் சொல்லையும், எந்த உடன்படிக்கையில் எந்தப் பிரிவில் பார்த்தீர்கள் என்பதையும், உங்கள் தமிழையும் எழுதிவாருங்கள். பிறகு 1976 கடிதங்களைத் தங்கச்சிமடம் மீனவர் ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழில் எழுதிப் பாருங்கள். தமிழில் சொல்ல வராத வரி உங்களுக்கே இன்னும் புரியாத வரி, மூலத்துக்குத் திரும்புங்கள். இந்த வேலையை உங்களைப் போன்றவர்கள் செய்தால்தான் உண்டு. கடலுக்குப் போகிறவரின் வாழ்க்கையை முடிவுசெய்யும் கடிதம் அவர் மொழியில் அவர் கைக்குப் போய்ச்சேர வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, மேலே சொன்னதில் மூட் பயணம் தவிர மற்றது ஜெராக்ஸ், பஸ் கட்டணத்தில் முடியும். போட்டிக்கு டெல்லி என்றால் மதுரையிலிருந்து நிஜாமுதீன் போகும் சம்பர்க் கிராந்தி ரயிலுக்கு 60 நாள் முன்பே டிக்கெட் எடுங்கள். பதிவுக் கட்டணத்துக்குக் கல்லூரி முதல்வரிடம் விண்ணப்பம் கொடுக்கும்போது போட்டி விதிகளின் நகலையும் வரவுசெலவுக் கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள். காகிதம் இல்லாத கோரிக்கை மேசையிலேயே கிடக்கும்.

பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். 36 பக்கச் சாதாரணப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல்தான் சிக்கல். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதுவார்கள், மதிப்பெண் சான்றிதழில் ஒற்றை எழுத்தாக இருக்கும். போட்டிப் பதிவிலும் கல்லூரிக் கடிதத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள், இல்லையென்றால் விசா நேரத்தில் பிரமாணப் பத்திரத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.